விண்ணரசி நின்ற தேர்தல்

செய்தி காலை ஆறே முக்காலுக்கு வந்தது. தூத்துக்குடியில் என் வாடகை அறையில் துண்டறிக்கைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் விண்ணரசியின் சித்தப்பா. "ஏ பிள்ள, நீ அங்கனயே இரு" என்றார். உடனே மாற்றிச் சொன்னார்: "இல்ல, பெரியாஸ்பத்திரிக்கு வந்திரு." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. யாரோ போனை வாங்கி அணைத்தார்கள்.

முந்தைய நாள் சாயங்காலம் வேம்பாரில் பிரசாரத்தை முடித்துக்கொண்டு விண்ணரசி ஸ்கூட்டரில் திரும்பியிருக்கிறார். கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து போட்ட மணல். வண்டி சறுக்கியது. தலையில் அடி. தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து என்னை யாரும் அழைக்கவில்லை. விடியும்போது உயிர் பிரிந்தது.

வயது இருபத்தெட்டு. சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர். வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவர் எதற்காக நின்றார் என்பது பலருக்கும் தவறாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

நாங்கள் திருநெல்வேலியில் ஒரே விடுதியில் இருந்து எம்.ஏ. படித்தோம். நான் நாசரேத்துக்காரி, ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. எங்களுக்குக் கடல் விடுமுறையில் பார்க்கப் போகும் இடம். விண்ணரசிக்கு வேம்பாருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா வள்ளம் வைத்திருந்தார்.

முதல் வருடம் முடியும் சமயத்தில் அந்த வள்ளம் கவிழ்ந்து கரையொதுங்கியது. போனவர்கள் மூன்று பேர். இரண்டு உடல்கள் கிடைத்தன. அப்பாவின் உடல் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் உதவித்தொகைப் படிவம் நிரப்பினோம். 'தந்தை: உள்ளார், காலமானார்' என்று இரண்டு கட்டங்கள். விண்ணரசி இரண்டையும் விட்டுவிட்டார். அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தார்கள்.

"ஏதாவது ஒண்ணு டிக் பண்ணும்மா."

"ரெண்டும் இல்ல சார்."

"ரெண்டும் இல்லாம எப்படி?"

"அதத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

துடுக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே பதில் எதிர்பார்த்து நின்றார்.

உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை அவர் அம்மா லூர்தம்மாவுக்கு விதவை உதவித்தொகை கிடையாது. நிவாரணம் கிடையாது. வள்ளத்தின் பதிவை மாற்றவும் முடியாது. எல்லாவற்றுக்கும் கணவரின் கையெழுத்து வேண்டும். அலுவலகம் அலுவலகமாக அம்மாவும் மகளும் நடந்தார்கள். காகிதத்தில் அவர் உயிரோடு இருந்தார்.

அடுத்து வந்த தேர்தலில் விண்ணரசி ஊருக்கு ஓட்டுப் போடப் போனார். நானும் உடன் போயிருந்தேன், வாசலில் நின்றேன். பட்டியலில் அப்பாவின் பெயருக்கு நேர் கீழே அவர் பெயர். அப்பா பெயரின் மேல் ஏற்கெனவே சிவப்புக் கோடு. ஓட்டுப் பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கட்சியின் பூத் ஏஜென்டாக தாசன் என்பவர் உட்கார்ந்திருந்தார். ஒருகாலத்தில் அப்பாவோடு சேர்ந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஊர் முறைக்கு மாமா. விண்ணரசி அவரிடம் கேட்டது வாசல் வரை கேட்டது.

"மாமா, எங்கப்பா வந்தாரா?"

தாசன் பட்டியலைப் புரட்டத் தொடங்கினார்.

"வந்து ஓட்டுப் போட்டிருக்காரே. என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"ஏ பிள்ள, சத்தம் போடாத. சும்மா கெடக்க ஓட்டுதானே."

"எங்கன கெடக்காருன்னு சொன்னா நாங்க போயி எடுத்துட்டு வந்திருவோம்லா மாமா."

தாசன் தலையைத் தூக்கவில்லை. விண்ணரசி தன் ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பிறகு சொன்னார்: "சாவுறதுக்கு உடம்பு வேணும்ங்கான். ஓட்டுப் போட மட்டும் வேண்டாமாம்."

அதற்கடுத்த தேர்தலிலும் அப்பா ஓட்டுப் போட்டார். அவர் மட்டுமல்ல. கரையோரத்தில் கடலிலிருந்து திரும்பாத ஆண்கள் பலர், கடைசி ஒரு மணி நேரத்தில், தவறாமல் வந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். பெயரை நீக்கச் சொன்னால் சான்றிதழ் கேட்டார்கள். புகார் கொடுத்தால் ஆதாரம் கேட்டார்கள். வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்து "இது அந்த ஆள் இல்லை" என்று சொல்லும் உரிமை வேட்பாளரின் ஏஜென்டுக்குத்தான் உண்டு.

அதனால் வேட்பாளரானார்.

இதுதான் பலருக்குப் புரியவில்லை. பதவி ஆசை என்றார்கள். ஓட்டைப் பிரிக்க யாரோ நிறுத்தினார்கள் என்றார்கள். அவருக்கு வேண்டியது கரையோரச் சாவடி ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி. அதில் கடல் கொண்டுபோனவர்களின் மனைவிகளும் தாய்மாரும் உட்கார வேண்டும். ஒரு தேர்தலிலாவது அந்த ஆண்களின் பெயரில் கோடு விழக்கூடாது.

"நீ ஜெயிக்க மாட்ட" என்று நான் சொன்னேன்.

"ஏளா, ஜெயிக்கறதுக்கு வேற ஆள் நிக்காங்கள்லா."

சுயேச்சைக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பெண்களை அழைத்துக்கொண்டு போனார். ஊர்க் கமிட்டிப் பெரியவர் ஒருவர் பஸ் நிறுத்தத்தில் மறித்தார்.

"தாலி அறுத்தவளுவளாக் கூட்டிக்கிட்டு எங்க போறம்மா?"

"அறுக்கலியே மாமா. அதான பிரச்சன."

சின்னமாக ஊன்றுகோல் கிடைத்தது. போகிற இடமெல்லாம் கேலி. "இந்த வயசுலயே கம்பா?" என்பார்கள். "ஆபீசுக்கு நடந்து பாருங்க, ஒங்களுக்கும் வேணும்" என்பார்.

துண்டறிக்கை எழுதும் வேலை எனக்கு. 'ஆழியில் மாண்ட மறவர்' என்று தொடங்கியிருந்தேன். அடித்தார். 'காணாமல் போன மீனவர்கள்' என்று மாற்றினேன். அதையும் அடித்தார். "வரலன்னு போடு. அம்மா அப்படித்தான் சொல்லுதா." நான் படித்த இலக்கியம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு முன் கொஞ்சம் கூசியது.

பிரசாரம் என்று அவர் செய்தது இவ்வளவுதான். கரையில், வலை பின்னுகிற இடத்தில், நாலு பேர் கூடியதும் வாக்காளர் பட்டியலைப் பிரிப்பார். வராதவர்களின் பெயர்களை மட்டும் வாசிப்பார். வாசித்து முடித்துச் சொல்வார்: "இவங்கள்ல யாராவது ஓட்டுப் போட வந்தா எங்கள்ட்ட சொல்லுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். பிள்ளைங்க தேடுது."

யாரும் கைதட்டியதில்லை. மற்ற கட்சிகளின் மேடைகளில் முத்துக்குளித்துறையின் பெருமை ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருக்கும். "முத்தப் பத்தி எல்லாரும் பேசுதாங்க. முங்கினவனப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்காங்க" என்றார் ஒருநாள், இளநீர் குடித்துக்கொண்டே.

இறப்பதற்கு மூன்று நாட்களுக்கு முன் என் அறையில் உட்கார்ந்து ஏஜென்ட் படிவங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். மதியம் முழுக்க. "ஏளா, கை வலிக்கு. எம்.எல்.ஏ. ஆனா தெனம் இப்படித்தானா? நல்ல வேள, ஆக மாட்டேன்." சிரித்தார். நான் படிவங்களைச் சாவடி வாரியாக அடுக்கினேன். நினைவில் இருப்பது அந்த மதியத்தின் வெயிலும் பேனா உரசும் சத்தமும்.

அடக்கத்தன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. தாசன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

கட்சி வேட்பாளர் இறந்தால் தேர்தல் தள்ளிப் போகும். சுயேச்சை இறந்தால் போகாது. தேர்தல் அலுவலகத்தில் ஓர் அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து இதை மெதுவாகச் சொன்னார். "பேரு மெஷின்ல இருக்கும்மா. எதுவும் மாறாது." ஏஜென்டுகள்? அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. "கையெழுத்து பொருந்திச்சுன்னா உக்கார விடுவாங்க. கேட்டுப் பாருங்க."

நான்காம் நாள் இரண்டு பேர் ஆறுதல் சொல்ல லூர்தம்மாவின் வீட்டுக்கு வந்தார்கள். எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. ஆறுதலின் நடுவில் ஒருவர் சொன்னார்: "பிள்ளையே போயிட்டு. இனி எதுக்குப் பொம்பளையாளுவ போயி பூத்துல உக்காந்துக்கிட்டு."

 அவர்கள் போன பிறகு லூர்தம்மா அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். விண்ணரசியின் இறப்புச் சான்றிதழ்.

"மூணாம் நாளே குடுத்துட்டானுவ பிள்ள. ஒரு கேள்வி கேக்கல."

அதைத் திருப்பி வாங்கி மடித்தார். பிறகு, "எனக்கு உள்ள ஃபாரத்தக் குடு" என்றார்.

எல்லோரும் அப்படி இல்லை. சில பெண்கள் படிவங்களை என்னிடமே திருப்பித் தந்தார்கள். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சாவடிகளில் யாரும் உட்காரவில்லை. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதி நிரூபிக்க முடியாது.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் வாக்குப்பதிவு. காலையில் சாவடி அலுவலர் லூர்தம்மாவின் படிவத்தை வாங்கி, மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். மறுபடி கையெழுத்தைப் பார்த்தார். "சரியா இருக்கும்மா. உக்காருங்க."

லூர்தம்மா உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தாசன்.  நான் மற்ற சாவடிகளைச் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றேன். அந்தக் கடைசி ஒரு மணி நேரம்.

ஐந்தரை இருக்கும். வெளியூர் வாலிபன் ஒருவன் கையில் சீட்டோடு கதவருகே வந்தான். தாசனைப் பார்த்தான். தாசன் லூர்தம்மாவைப் பார்த்தார். அவர் பட்டியலில் விரலை வைத்தபடி இருந்தார். தாசன் அவனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம். அவன் ஒரு நிமிடம் புரியாமல் நின்றான். போய்விட்டான்.

"யாரு?" என்றார் லூர்தம்மா.

"ஒருத்தருமில்ல அக்கா."

ஆறு மணிக்குக் கதவை மூடினார்கள். மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். ஏஜென்டுகள் கையெழுத்துப் போட்டார்கள். லூர்தம்மா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அக்கா."

"அப்ப, அவரு வரல."

தாசன் தன் பட்டியலை மடித்தார். "வரல அக்கா."

அப்போதுதான் லூர்தம்மா அழுதார். மகளின் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை எனக்குத் தெரியும். இது அது அல்ல. சத்தமே இல்லை. அலுவலர்கள் பெட்டிகளைத் தூக்காமல் காத்து நின்றார்கள்.

அங்கிருந்து நேராக மாதா கோயிலுக்கு நடந்தார். கணவர் போன இந்த ஆறு வருடங்களில் அவருடைய ஆன்மாவுக்காக ஒரு பூசைகூட அந்த அம்மா ஒப்புக்கொடுத்ததில்லை. இறந்தவருக்குத்தானே அது. பங்குச் சாமியாரிடம், வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பூசையை மகளுக்கும் கணவருக்கும் சேர்த்து வைக்கச் சொன்னார்.

வாக்கு எண்ணிக்கை இன்னும் நடக்கவில்லை. பூட்டிய அறைக்குள், இயந்திரத்தின் மேல், விண்ணரசி இப்போதும் வேட்பாளர்தான். எத்தனை பேர் அவருக்குப் போட்டார்கள் என்பது தெரியும்போது தெரியட்டும். அவர் கேட்ட வாக்கு வேறு. போடாமல் இருக்கச் சொல்லிக் கேட்ட வாக்கு. அவருடைய சொந்தச் சாவடியில் அது முழுமையாகக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். சாமியார் இரண்டு பெயர்களையும் வாசித்தார். மகள், பிறகு தகப்பன். கோயில் நிறைந்திருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அவர்களுக்கு இளைப்பாற்றி தாரும் என்று சொன்னோம். லூர்தம்மாவும் சொன்னார்.

போய் இளைப்பாறு, விண்ணரசி. அம்மா அப்பாவை அடக்கம் செய்துவிட்டார்.