ஐந்தருவிக்குப் போகும் முன் ஒரு ஜப்பானிய நேர்காணல்

இந்த ஜூலையில் நான் குற்றாலம் போனது சாரலுக்காக அல்ல. என் தங்கை மல்லிகா தென்காசியில் நர்ஸ். ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்கு அவளுக்கு ஆன்லைன் நேர்காணல் வந்தது. வடகரையில் அவள் வீட்டில் காற்றடித்தால் சிக்னல் போய்விடும். "குத்தாலத்துல வைஃபை உள்ள ரூம் ஒண்ணு போட்டுத் தாண்ணே" என்றாள். ஜப்பான் என்றாலே எனக்கு வயிறு எரியும். ஒசாகாவுக்கு என்னை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் தன் மச்சினனை அனுப்பிய மேனேஜரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில், காலை எட்டரைக்குத் தென்காசி. மல்லிகா ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். குற்றாலம் ஆறு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு 250 ரூபாய், சீசன் கொள்ளை. வழியெல்லாம் அவள் பாடம் ஒப்பித்தாள். "முடியும்" என்பதற்கு ஜப்பானிய மொழியில் "தெகிமாஸ்". சமைக்க முடியும் என்றால் "ர்யோரி கா தெகிமாஸ்". வினைச்சொல்லாக இருந்தால் நடுவில் "கோதோ" சேரும்: "யோமு கோதோ கா தெகிமாஸ்", வாசிக்க முடியும். முடியாது என்பதற்கு "தெகிமசென்". நான், நீ, அவன், யாராக இருந்தாலும் வடிவம் மாறாது.

"அந்தக் கடைசிய மட்டும் மறந்துரு. எதைக் கேட்டாலும் தெகிமாஸ்னு சொல்லு" என்றேன். வேலை கொடுப்பவர் முன்னால் எங்கள் ஊரார் வாயில் முடியாது என்ற சொல் வராது. மிஞ்சிப்போனால் "பாக்கேன்" என்போம்.

ஆட்டோக்காரர் திரும்பினார். "என்ன பாசை பேசுதிய?"

"ஜப்பான் பாசை அண்ணாச்சி" என்றாள் மல்லிகா.

"அங்கனயும் மீட்டர் போடச் சொல்லுவாவளோ?"

"கண்டிப்பா."

"அப்ப எனக்கு அந்த ஊரு வேண்டாம்."

அறை வாடகை 1,800. பதினோரு மணிக்குத் திரையில் நரைத்த தலையுடன் ஓர் அம்மாள் தோன்றினார். வேலைக்கு ஏற்பாடு செய்த ஏஜென்சிக்காரர் ஒருவரும் இணைப்பில் இருந்து கேள்விகளைத் தமிழில் சொன்னார். நான் கேமராவுக்குத் தப்பி எதிரே கட்டிலில் உட்கார்ந்தேன். சமைக்க முடியுமா? தெகிமாஸ். இரவுப் பணி? தெகிமாஸ். எண்பது கிலோ எடையுள்ளவரைத் தனியாகத் தூக்க முடியுமா? நான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். மல்லிகா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

"ஹிதோரி தெ வா தெகிமசென்." தனியாக முடியாது. "ஃபுதாரி நரா தெகிமாஸ்." இரண்டு பேர் என்றால் முடியும்.

அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். மாலைக்குள் முடிவு சொல்வதாகக் கூறிக் குனிந்து வணங்கி விடைபெற்றார்.

"கெடுத்துட்டியே, மல்லி."

"கீழ போட்டுட்டா யாருண்ணே பதில் சொல்லுதது? நீயா?"

ஐந்தருவிக்குப் போனோம். பாறை மறையும் அளவுக்குத் தண்ணீர், ஆனாலும் குளிக்க விட்டார்கள். ஐந்து கிளைகளும் ஒன்றாகி வெள்ளையாக இறங்கின. உச்சந்தலையில் விழுந்த அடியில் மூச்சு நின்று திரும்பியது. மேனேஜரின் முகம்கூடச் சற்று நேரம் நினைவில் இல்லை.

நான்கு மணிக்கு ஏஜென்சியிலிருந்து போன். மல்லிகா தலை துவட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "எடுத்துட்டாவளாம்ணே. எல்லாத்துக்கும் முடியும்னு சொன்னவங்களத்தான் கழிச்சிருக்காவ."

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், அறையில் வைஃபை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், வெள்ளமென்றால் அருவியில் குளிக்க விடமாட்டார்கள். மொழி படிப்பவர்கள் இரண்டு வடிவத்தையும் சேர்த்தே படியுங்கள். நான் எத்தனையோ அதிகாரிகளிடம் முடியும் முடியும் என்று சொல்லியே தேய்ந்தவன். வேலை கையைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும், குரல் நடுங்காமல், புதிதாகக் கற்ற மொழியில் ஒருத்தி முடியாது என்று சொன்னதை அன்றுதான் பார்த்தேன். பொங்கி விழுந்த ஐந்தருவி அதற்குப் பக்கத்தில் சின்னதாகத்தான் தெரிந்தது.