முடிவுக் கோட்டில் பிரேக்

காலை ஆறு நாற்பது. திருமுக்கூடல் போகும் வழியில் ஒரு திடலில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வளைந்து வளைந்து நின்றன. அவற்றைத் தட்டாமல் சொந்தக் காரை வேகமாக ஓட்ட வேண்டும். ஆட்டோகிராஸ் என்றால் அவ்வளவுதான். ஆளுக்கு இரண்டு ஓட்டம்; முதல் மூன்று பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் கார் ஓட்டிப் பழகிய எனக்கு ஓர் இடம் நிச்சயம் என்று நம்பினேன்.

முதல் ஓட்டத்தில் ஒரு கூம்பும் விழவில்லை. ஆனால் முடிவுக் கோட்டில் இரண்டு கம்பங்களைக் கண்டதும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. எங்கள் தெருவில் கம்பம் நட்டிருந்தால் குறுக்கே நெசவுக்கான பட்டு நூலை, அதாவது பாவை, நீட்டியிருப்பார்கள். வண்டி நின்றே ஆக வேண்டும்.

“இன்னாம்மா, பெட்ரோல் தீந்துபோச்சா?” என்று ஒருவர் கத்த, திடலே சிரித்தது. எனக்குக் கடைசி இடம்.

சிரிக்காதவர் அன்வர் பாய் மட்டும்தான். எங்கள் ஊர் ஜரிகை வியாபாரி. அப்போது மூன்றாவது இடத்தில் இருந்தார்.

“பாவுன்னு நெனச்சிட்டீங்களா? மொத தபா நானும் நின்னேம்மா. இன்னொரு ஓட்டம் இருக்குதில்ல, நான் பக்கத்துல உக்கார்றேன்.”

புதியவர்களுக்கு அதற்கு அனுமதி உண்டு. இரண்டாவது ஓட்டத்தின் முடிவில் மறுபடியும் கம்பங்கள் தெரிந்தன.

“நூலு இல்லம்மா! ஆக்சிலேட்டர மிதிங்க!” என்று டாஷ்போர்டைத் தட்டினார். நான் காலை எடுக்கவில்லை.

அன்று நான் மூன்றாவது. அன்வர் பாய் நான்காவது.