ஈரத் துணியில் வார்த்த கால்

முழங்காலுக்குக் கீழே எனக்கு இருப்பது தாராவியில் வார்த்த கால். துண்டான காலை நுழைக்கும் கிண்ணம்தான் அதற்கு உயிர். கண்ணாடி இழையால் நெய்த துணி, அடுக்கடுக்காக, நடுவே ரெசின் என்கிற பிசின். இறுகினால் கல். அந்தக் கல் இந்த மழைக்காலத்தில், மாட்டுங்கா ரயில்வே மேம்பாலத்தின் நடுப்படியில், ஆபீஸ் கூட்டத்துக்கு மத்தியில், அப்பளமாக நொறுங்கியது. விழுந்தேன். யார் யாரோ தூக்கினார்கள். உடைந்த விளிம்பைத் தடவினேன். அடுக்குகள் ஒட்டவே இல்லை. விரலால் புரட்ட முடிந்தது. உள்ளே பூராவும் குமிழி. இரண்டு மாதம் இதன்மேலா நின்றேன்? இதை நம்பியா ஓடும் வண்டியில் ஏறினேன்?

வெள்ளிக்கிழமை காலை, ஊன்றுகோலோடு, அதை வார்த்த பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை ஒழுகியது. துணிச்சுருள் சுவரோரம் வெறுந்தரையில் கிடந்தது. முதலாளி திருநெல்வேலிக்காரர். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கனம் கூடிட்டீயளோ அண்ணாச்சி?”

“துணி அடுக்கடுக்கா பிரிஞ்சிருக்கு. என் தொப்பையா வந்து பிரிச்சுது?”

“டென்ஷன் ஆவாதீய. மத்தியானத்துக்குள்ள புதுசு போட்டுத் தாரேன்.”

சொல்லிவிட்டுச் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டினார். செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தொட்டுத் தொட்டுத் தெளித்துக்கொண்டே வந்தார். வாசல், மோட்டார், ரெசின் டப்பா. கடைசியில், என் காலுக்கென்று அதற்குள் வெட்டி மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணி. நூலுக்குள் மஞ்சள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“போன தடவையும் இப்படித்தானா?” துணி அடுக்கும் அக்காவிடம் கேட்டேன்.

“எல்லா வெள்ளியும்தான். ஈரத்துல ரெசின் பிடிக்காதுன்னு தொண்ட வத்தச் சொல்லியாச்சு. சாமிக்கு ஆகாதவன்னு பேரு வாங்குனதுதான் மிச்சம். கூர ஒழுகுறது ஒருபக்கம், இவுக தெளிக்கது ஒருபக்கம். அவசரம்னா, இறுக வைக்க ஊத்துற ஹார்டனர ரெட்டிப்பா ஊத்தச் சொல்லுவாவ. சூடேறி நுரைக்கும். இறுகுமுன்ன அச்சுலேருந்து உருவிடுவாவ.”

“ஏம்மா, வாய மூடிட்டு வேலயப் பாரு,” என்றார் முதலாளி.

எனக்குக் கொதித்தது. சாமி எந்த ஊரில் துணியை நனைக்கச் சொன்னது? உலர்ந்த ஓர் அலமாரி, உள்ளே எரிய ஒரு பல்பு, ஒருநாள் பொறுமை. அந்தத் துணி கேட்பது அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்காமல் மனுஷனை நிற்க வைக்கிறார்களாம்! நொண்டி எங்கே திரும்பி வந்து சண்டை போடப்போகிறான் என்ற தைரியம்.

“அந்தத் துணி வேண்டாம். தூக்கிப் போடுங்க.”

“திங்கக்கெழம ஆபீஸ் போணும், ஜல்தி ஜல்தின்னு போன தடவ தலமேல நின்னது ஆரு அண்ணாச்சி?”

நான்தான். லீவு தீர்ந்திருந்தது.

அக்கா யாரையும் கேட்கவில்லை. பரணிலிருந்து உறை பிரிக்காத சுருளை இறக்கினாள். மஞ்சள் பட்டதைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

“இப்ப அடுக்குனா நாளைக்குச் சாயங்காலம்தான் எடுக்கணும்,” என்றாள்.

“அதுவரைக்கும் முதலாளி விட்டு வைப்பாரா?”

“நான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிருவேன்லா. பெறவு அவுக இஷ்டம்.”

ரெசின் டிரம்மை இழுத்து, என் காலின் அச்சுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

“என்ன அண்ணாச்சி, இங்கனயே இருக்கப் போறீயளா?”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும். மத்தியானம் எனக்கும் சேத்துச் சாப்பாடு சொல்லிடுங்க.”