வெயிலில் கறுக்கும் விரல்

போன வாரம் செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வகத்தில் கையுறை தீர்ந்துபோயிருந்தது. கடைசி ஜோடியைப் பயிற்சிக்கு வந்திருக்கும் காவ்யாவுக்குக் கொடுத்துவிட்டு, நான் வெறுங்கையோடு தண்ணீர் மாதிரிகளில் உப்புச் சோதனை செய்தேன். சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு ஆள்காட்டி விரலில் பட்டது. படும்போது ஒன்றும் தெரியாது, தண்ணீர் போலத்தான் இருக்கும். சாயங்காலம் பேருந்தின் ஜன்னலோர வெயிலில் பார்த்தால், மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பெருங்காய டப்பாவில்கூடத் திறந்த தேதி எழுதி ஒட்டுகிற ஆள் நான். எனக்கே இப்படியா என்று சிரிப்பு வந்தது. கூடவே, எங்கிருந்தோ புளி வாசனையும்.

புளி என்றால் அம்மாவின் கை. அப்பா கொத்தனார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான் பி.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்தபோது, வகுப்பில் எங்களைப் போன்ற தமிழ் வீட்டுப் பெண்கள் இரண்டே பேர். நான், அப்புறம் கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த சரசு. அம்மா சேரும்போதே சொல்லிவிட்டாள்: "நல்ல எடம் வர்ற வரைக்கும் போயிட்டு வா. வந்துட்டா அதோட சரி." அதனால் மற்றவர்களுக்குப் பரீட்சை பயம் என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை பயம்.

முதல் முறை பெண் பார்க்க வந்தபோது நான் எந்தத் தந்திரமும் செய்யவில்லை. அந்த வாரம் செய்முறை வகுப்பில் கவனக்குறைவாக இருந்ததில் இதே மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அம்மா புளி போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சை, அப்புறம் அடுப்புச் சாம்பல். தோல்தான் சிவந்தது. எங்கள் அறைக்கு ஒரே கதவு. அந்தக் கதவை அடைத்தபடி அவர்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே நான், கையில் காப்பித் தட்டோடு. தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அத்தை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கையில என்னாம்மா அது?"

"காலேஜ் மருந்துங்க," என்றார் அப்பா.

"மருந்துன்னா கழுவுனா போவாதா? உங்க வகையறாவுல வேற யாருக்காச்சும் இருக்குதுங்களா?"

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அம்மா அழுதாள். நானும் அழுகிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சரசுவிடம் சொன்னேன். அவள் சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அடுத்தவங்க எப்பப் புள்ள வர்றாங்க?"

அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது என்றால் வெள்ளிக்கிழமை சரசு கண்ணாடிக் குச்சியில் சில்வர் நைட்ரேட்டைத் தொட்டு, மருதாணி வைக்கிற பொறுமையோடு வைப்பாள்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"கவர்மெண்டு."

"அப்ப அஞ்சு வெரலுக்கும் வெச்சரலாம். வெயில்ல கைய வீசிக்கிட்டு நடந்தே போ."

என்னைவிட நல்ல கை அவளுக்கு. உப்புச் சோதனையில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, செங்கல் நிறத்தின் முதல் சாயல் தெரிகிறபோதே குழாயை மூடிவிடுவாள். நான் எப்போதும் ஒரு சொட்டு தாண்டிவிடுவேன். இரண்டு பேரும் எம்.எஸ்ஸி. வரை போவது என்று பேசி வைத்திருந்தோம்.

கடைசி வருஷம், தசரா விடுமுறை முடிந்து வந்ததும் அவள் ஊரிலிருந்து தகவல் வந்தது. தாய்மாமனுக்கு முடிவு செய்துவிட்டார்கள், மறுநாள் அழைத்துப்போக வருகிறார்கள். சரசு இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் தானே பூசிக்கொண்டாள். அன்று மத்தியானம் முழுக்க விடுதி மொட்டைமாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, கைகளை வெயிலுக்குக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

மாமா கெட்டவர் அல்ல. எனக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். அவள் கையைப் பார்த்துச் சிரித்தார். "இதென்ன புள்ள கரி? காட்டுல நாலு நாள் வேல செஞ்சா போயிருமாக்கு." சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் கறை பெரிதாகத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் கரி. எல்லாம் யோசித்த நாங்கள் இதை யோசிக்கவில்லை.

புறப்படும்போது சரசு என் கையைப் புரட்டிப் பார்த்தாள். "வெளுத்துப்போச்சு. வெள்ளிக்கெழம மறக்காம வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். படிப்பை முடித்தேன், வேலைக்கு வந்தேன். எம்.எஸ்ஸி. நடக்கவில்லை. அதே மருந்து, அதே பழுப்புப் புட்டி, அதே சோதனை. இத்தனை வருஷமாக என் மேசையும் மாறவில்லை.

போன வாரம் வெள்ளிக்கிழமை காவ்யா மேசையருகே வந்து நின்றாள். அவளும் தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் கன்னடம்தான் சரளம். இன்னும் இரண்டு மாதம் தாண்டினால் அவளுக்கு வேலை நிரந்தரம்.

"மேடம், சண்டே என்னைப் பார்க்க வர்றாங்க. மண்டே வருவேனான்னு கொத்தில்ல, தெரியல."

"உனக்கு இஷ்டமா?"

"என்னை யாரு மேடம் கேட்டா?"

என் விரலைக் காட்டி, சரசுவின் கதை முழுவதையும் சொன்னேன். புட்டி கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் ரசித்துக் கேட்டாள்.

"சூப்பர் மேடம். ஆனா இப்ப கையெல்லாம் யாரு பாக்கறாங்க? போட்டோ போன வாரமே அனுப்பிட்டாங்க, ஓகே ஆயிடுச்சு. சண்டே ஸ்வீட் சாப்பிட வர்றாங்க, அஷ்டே, அவ்ளோதான்."

போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். அவள் மோவாயில் இருக்கும் மச்சத்தை யாரோ துடைத்து எடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காவ்யா வரவில்லை. நேற்றும் வரவில்லை. என் விரலில் அந்தப் புள்ளி ஓரத்தில் உரியத் தொடங்கிவிட்டது. அவள் மேசையில் புதுக் கையுறைப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். சீட்டும் ஒட்டியாயிற்று. திறந்த தேதி எழுதுகிற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.