பஸ் ஸ்டாப்பில் வீடியோ கேமரா

பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டுக்கு எதிர்ப்பக்கம்தான் ஸ்கூல் பஸ் நிற்கும். ஏழு வயது மகள் ரோட்டைக் கடந்துதான் ஏற வேண்டும். பஸ்ஸில் சிவப்பு விளக்கு மின்னினால் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். எங்கே நின்றார்கள்! ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் தினமும் எவனாவது ஒருத்தன் சர்ரென்று போவான். அவளைப் பின்னால் இழுத்து இழுத்தே எனக்குத் தோள்வலி வந்தது. காலையிலேயே சலித்துவிடும்.

டிரைவரம்மாவிடம் புலம்பினேன். நம்பர் பிளேட் இல்லாமல் அவர் புகார் கொடுத்தால் போலீஸ் ஒன்றும் செய்யாதாம். பிள்ளைகளைப் பார்ப்பாரா, பிளேட்டைப் பார்ப்பாரா? பஸ்ஸில் கேமரா வைக்கலாமே என்றேன். இருக்கிறது, ஆனால் உள்ளே பிள்ளைகள் போடும் சண்டையைப் பார்க்கத்தான் என்று அலுத்துக்கொண்டார்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மறுநாள் வீட்டு வீடியோ கேமராவோடு போனேன். மகளைப் பக்கத்து வீட்டு நாகூர் ஆன்ட்டியிடம் ஒப்படைத்தேன். அவர் பேத்தியும் அதே பஸ்தான்.

"புள்ளைய நான் பாத்துக்குறேன். நீ அவன் மூஞ்சிய நல்லா புடிம்மா" என்றார்.

பஸ் நின்றது, விளக்கு மின்னியது. ஆன்ட்டி பிள்ளைகளோடு ரோட்டில் கால் வைத்ததும் ஒரு வெள்ளைக் கார் பறந்தது. "யா அல்லாஹ்!" என்று இருவரையும் பின்னால் இழுத்தார். போன வேகத்தில் உள்ளே யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நம்பர் பிளேட்டோடு கேமராவில் பிடித்துவிட்டேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும், "மாட்டினான் பாருங்க!" என்று டேப்பை டிவியில் போட்டு நிறுத்தினேன்.

ஓட்டியது அவருடைய ஆபீஸ் நண்பர். சென்னையிலிருந்து புதிதாக வந்தவர், தினமும் இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறவர். பக்கத்து சீட்டில் என் கணவர், குனிந்து போனைப் பார்த்தபடி.

"ஊர்ல பஸ் நின்னா ஓவர்டேக் பண்ணித்தானே பழக்கம்? அவன் க்ரீன் கார்டு வேற அப்ளை பண்ணியிருக்கான். போலீஸெல்லாம் வேணாம், அழிச்சிடு" என்றார் கணவர்.

எனக்கு வந்ததே கோபம்! "அவர் புதுசு. உங்களுக்கு என்ன கேடு? நிறுத்துன்னு சொல்ல வாயில்லையா?"

மகள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, டிட் யூ ஸீ மீ?"

அவர் காபியைக் கீழே வைத்தார். "இல்லம்மா."

"ஓகே" என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகு சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். அவரும் ரயிலை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். பஸ் நின்றது. வண்டிகளும் அன்றைக்கு ஒழுங்காக நின்றன. அவர் மகளிடம் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய் ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நீட்டிய கையை அப்படியே என் பக்கம் திருப்பி டேப்பை வாங்கிக்கொண்டு, பஸ் டிரைவரிடம் கொடுக்க நடந்தார்.