வெல்டா உட்கார்ந்துவிட்டால்

என் மனைவி வெல்டா ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவளைக் கிளப்புவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆள் நான்தான். எனக்கோ எங்கேயும் இருப்புக் கொள்ளாது. பால் லாரி ஓட்டிப் பிழைத்தவன். ஒரு பண்ணையில் பால் ஏறி முடிவதற்குள் அடுத்த பண்ணைக்கு மனசு போய்விடும். சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் காலாட்டலைப் பார்த்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

வெல்டா கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்தாள். பெல்ட்டில் வரிசையாக வரும் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, விரிசல் உள்ளதைத் தட்டி எடுப்பது அவள் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த மற்ற பெண்கள் ஆறே மாதத்தில் தலைவலி என்று வேறு பிரிவுக்கு ஓடினார்கள். இவள் தொழிற்சாலையை மூடும்வரை அங்கேயே இருந்தாள். எப்படி முடிகிறது என்று கேட்டால், நல்ல பாட்டிலைப் பார்க்கவே வேண்டாம், அது தானாகப் போய்விடும், கெட்டது வரும்போது கண் தானே நிற்கும் என்பாள்.

என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்த கதையும் இதே லட்சணம்தான். ஆப்பிள் அறுவடை சமயத்தில் கேட்டேன். பார்க்கலாம் என்றாள். அடுத்த வாரம் கேட்டேன். பார்க்கலாம். பனி விழுந்து, உருகி, மறுபடி உருளைக்கிழங்கு நட்டு, அதைத் தோண்டும்போதுதான் சரி என்றாள். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டேன்.

"வாராவாரம் வந்து கேட்டியே. எத்தனை வாரம் நீ கேப்பேன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

அப்போது அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். அவள் யாரையாவது உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தால் எதற்காகப் பார்க்கிறாள் என்று யோசிக்கும் புத்தி எனக்கு இன்றுவரை வரவில்லை.

பென்சில்வேனியாவின் இந்த வடக்கு மலையில் எங்களுக்கு ஒரு வேட்டைக் கேம்ப் உண்டு. மரச்சுவர், தகரக் கூரை, விறகு அடுப்பு, பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு சாவி. உறுப்பினர்களும் பன்னிரண்டு பேர்தான். ஒருவர் செத்தால்தான் இன்னொருவர் உள்ளே வரலாம். அதுவும் கடைசி வேட்டைப் பருவத்தில் சக்கிமுக்கித் துப்பாக்கியால் ஒரு மானாவது அடித்திருக்க வேண்டும். காலியான இடம், அப்படி மான் அடித்த விருந்தாளிகளில் யார் அதிக வருடம் வந்திருக்கிறாரோ அவருக்கு. என் அப்பா காலத்துச் சட்டம் இது.

கடைசிப் பருவம் என்பது கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தொடங்கி ஜனவரியில் முடிவது. குளிரில் மீசை உறையும். இலையுதிர் காலம் முழுக்க ஊரே சுட்டுத் தள்ளியதில் மிஞ்சிய மான்கள் பிழைக்கத் தெரிந்த மான்கள். எந்த வண்டி யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும். நம் கையில் இருப்பதோ கல்லில் பொறி தட்டி, பொறி மருந்தில் விழுந்து, அந்த மருந்தும் மனது வைத்தால் மட்டும் வெடிக்கிற துப்பாக்கி. புத்தியுள்ளவன் வீட்டில் கால்பந்து பார்ப்பான்.

நான் உறுப்பினரானது அப்பா இருந்த காலத்தில். மரத்தடியில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மான் எதிரே வந்து நின்றது. ஒரு கையால் சுட்டேன். அந்த மான் தற்கொலை செய்துகொண்டது என்பது எங்கள் தலைவர் மெர்வினின் கருத்து. மெர்வின் எனக்குச் சின்ன வயதுத் தோழன், அதனால் விட்டுவிட்டேன்.

தொழிற்சாலையை மூடிய வருடம் வெல்டாவும் விருந்தாளியாக வேட்டைக்குக் கிளம்பினாள். பொழுது போகாமல் வருகிறாள், ஒரு நாள் குளிரில் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். பழைய பஸ் சீட்டு மெத்தை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலை ஏறினாள். லாரல் புதருக்கு மேலே ஒரு ஹெம்லாக் மரம் இருக்கிறது, அதன் அடியில் உட்கார்ந்தாள். அதோடு ஒன்பது குளிர்காலம் போயிற்று. அவளுக்கு ஒரு மானும் கிடைக்கவில்லை. ஒரு வருடம் மருந்து நனைந்துவிட்டது. ஒரு வருடம் குண்டு மானுக்குப் பதில் பீச் மரத்தில் பட்டது. வழக்கப்படி அவள் சட்டை வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணி அடித்தோம். குறி தவறிய எல்லோருக்கும் அதுதான். அவள், கத்தரி மழுங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு உறுத்தியது சட்டை அல்ல. பருவத்தின் கடைசி நாள் சாயங்காலம் உறுப்பினர் கூட்டம் நடக்கும். அப்போது விருந்தாளிகள் உள்ளே இருக்கக் கூடாது. அவள் போய் என் வண்டியில் உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் உள்ளே விறகுச் செலவு, கூரை ஒழுகல், யார் குறட்டை என்று அரட்டை அடித்துக்கொண்டிருப்போம். வெளியே வண்டிக்குள் அவள் தலை தெரியும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். ஒரு தடவை அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

"எனக்கு மான் கறி பெரிசில்ல, எல்வுட். ஒரு கட்டில் வேணும். ஒரு சாவி வேணும். கதவை நானே திறந்துட்டு உள்ள போகணும்."

போன இலையுதிர் காலத்தில் எங்கள் மூத்த உறுப்பினர் ஏமஸ் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஓர் இடம் காலியானது. அதற்கு மெர்வினின் மருமகன் ட்ரென்ட் தயாராக இருந்தான். நகரத்துப் பையன், நல்ல பையன்தான், அவன் பூட்ஸ் மட்டும் என் லாரியைவிட விலை கூட. வந்த முதல் வருடமே ஒரு மான் அடித்துவிட்டான். வெல்டா இந்தப் பருவத்தில் மான் அடித்தால் மூப்புப்படி இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் அவனுக்கு. எங்கள் கேம்பில் அடுத்த சாவு எப்போது என்று சொல்ல முடியாது. மீதிப் பேர் எல்லோரும் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் தின்று கல்லுப்போல இருக்கிறோம்.

இந்தப் பருவம் முழுக்க அவள் விடியலில் போனாள், இருட்டும் முன் வந்தாள். மற்றவர்கள் முதல் வாரத்திலேயே களைத்துச் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவளுக்கு உதவினேன். என்ன உதவி என்றால், மத்தியானம் காபி தீர்ந்ததும் எனக்குப் போர் அடிக்கும். அவளுக்குக் கால் மரத்திருக்குமே என்று கிளம்பிவிடுவேன். பாதை வழியே போனால் சுற்று. லாரல் புதருக்குள் குறுக்கே விழுந்து போவேன். குச்சிகள் முறிய, கிளைப்பனி தலையில் கொட்ட, திட்டிக்கொண்டே போய் ஹெம்லாக் மரத்தடியில் நிற்பேன். போதும் வா என்பேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்பாள். மான் இருந்தாலும் நான் வந்த சத்தத்தில் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கும், இனி உட்கார்ந்து என்ன என்பேன். அது உண்மைதான், எழுந்து வந்துவிடுவாள். வரும் வழியில் புதர் ஓரமாக நின்று பனியில் தடம் பார்ப்பாள். நான் குளிருகிறது என்று கத்துவேன்.

கேம்பில் எல்லோருக்கும் இது பெரிய வேடிக்கை. மான்களெல்லாம் சேர்ந்து எனக்குச் சம்பளம் கொடுக்கின்றன என்றார்கள். வெல்டா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அல்லது நிறுத்துவதாகச் சொல்லியிருப்பேன்.

கடைசி நாள் வந்தது. காலையில் அவள் கிளம்பும்போது, இன்றைக்கு நான் வந்து தொந்தரவு செய்ய மாட்டேன், சத்தியம் என்றேன். சரி என்றாள். அந்தச் சரியில் ஏதோ இருந்தது, நான் முட்டை தின்றுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மத்தியானம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விறகு பிளந்தேன். பிளந்த விறகையே மறுபடி பிளந்தேன். ட்ரென்ட் தன் பெட்டியை ஏமஸின் கட்டில் பக்கம் நகர்த்தி வைத்திருந்தான். அவள் அங்கே ஒற்றையாக உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் வராது, இன்னொரு வருடம் வண்டிக்குள் உட்கார வேண்டும். இனி என்ன ஆகப்போகிறது, சூடான சூப்பாவது குடிக்கட்டும் என்று ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மெர்வின் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

வழக்கம்போலப் புதருக்குள் விழுந்து எழுந்து மேலே போனேன். ஹெம்லாக் மரத்தடியில் அவள் இல்லை. மெத்தையும் இல்லை. வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று பெயர் சொல்லிக் கத்த வாயைத் திறந்தபோது கீழே ஓடைப் பக்கம் ஏதோ அசைந்தது.

ஒரு பெட்டை மான். நான் கிளப்பிவிட்ட மான்தான். புதரின் கீழ் வாசல் வழியாக நழுவி ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஓடைக்கரையில் விழுந்து கிடந்த மரத்தை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை. அந்த மூட்டைக்குத் தொப்பி இருந்தது. அது என் மனைவி.

மான் அவளைத் தாண்டியது. அவள் அசையவில்லை. சுடேன், சுடேன் என்று மனசுக்குள் துடித்தேன். மான் ஓடையைக் கடந்து எதிர்மேட்டில் ஏறும் இடத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் துப்பாக்கி மெல்ல உயர்ந்தது. முன்னாலேயே சுட்டிருந்தால் குண்டு போகும் திசையில் நான் நின்றிருப்பேன் என்று பிறகு சொன்னாள். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள்.

விசையை அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மருந்து பிடிக்கவில்லை.

மான் தலையைத் தூக்கியது. நான் ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தேன். கீழே வைத்தால் குச்சி முறியும். என் வாழ்நாளில் நான் அசையாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். கழுத்துக்குள் பனி உருகி முதுகு வழியாக இறங்கியது. மூக்கு அரித்தது. வெல்டா கையுறையைப் பல்லால் கழற்றினாள். ஈர மருந்தை விரலால் துடைத்து எடுத்தாள். கொம்புக் குப்பியைத் திறந்து புது மருந்து போட்டாள், மூடினாள். கேக்குக்கு ஏலக்காய் தூவுகிற நிதானம். நானாக இருந்தால் துப்பாக்கியை மானின் மேல் எறிந்திருப்பேன். மான் ஒரு எட்டு வைத்தது, நின்றது, புதர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அது முதலில் கேட்ட சத்தம் அங்கிருந்து வந்த என்னுடையது. அதனால் அது பயந்தது எனக்குத்தான், வெல்டாவுக்கு அல்ல.

வெடித்தது. வெள்ளைப் புகை ஓடையையே மறைத்தது. புகை விலகியபோது மான் கரையில் கிடந்தது. நானும் விழுந்து கிடந்தேன், தூக்கிய கால் என்னைக் கைவிட்டுவிட்டது. எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். என் கையிலிருந்த காலித் தூக்கைப் பார்த்து, சூப் எங்கே என்று கேட்டாள். சூப் எப்போதோ கொட்டிப்போயிருந்தது.

மானை இழுத்துக்கொண்டு கேம்ப் வந்து சேர்ந்தபோது எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கை கொடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள். ட்ரென்ட் மட்டும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டான். அது எல்வுட் கிளப்பிவிட்ட மான்தானே, வெல்டா தானாக வேட்டையாடியதாக அதைச் சொல்லலாமா என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் பொய் சொல்லவும் வரவில்லை. கிளப்பத்தான் போனாயா என்று மெர்வின் என்னைக் கேட்டான். இல்லை, வீட்டுக்குக் கூப்பிடத்தான் போனேன் என்று ஒப்புக்கொண்டேன்.

வெல்டா பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே பேசினாள். என் தடத்தையும் மான் தடத்தையும் பருவம் முழுக்கப் பார்த்ததாகச் சொன்னாள். மான் பகலெல்லாம் லாரல் புதருக்குள்ளேதான் படுத்திருக்கிறது. யாருக்காகவும் எழுவதில்லை. எல்வுட் குறுக்கே விழுந்து வரும்போது மட்டும் எழுந்து, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கீழே இறங்குகிறது. ஆகவே இன்றைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன் என்றாள்.

மெர்வினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, அவன்தான் வரமாட்டேன்னு சத்தியம் பண்ணானே. வராம இருந்திருந்தா?"

"மான் வரும், வராது. அதை நம்பி உக்கார முடியுமா" என்றாள் வெல்டா. "இவன் வந்துடுவான்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மெர்வின் ஏமஸின் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தச் சொல்லி, வெளியே நின்று பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். யாரும் கேலி செய்யவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், என் எதிரே உட்கார்ந்தாள்.

கூட்டம் தொடங்கும் நேரம். விருந்தாளி என்று மிஞ்சியது ட்ரென்ட் ஒருவன்தான். அவன் வண்டி மேட்டுக்குக் கீழே பனியில் புதைந்து கிடந்ததால் என் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பாவம், முகம் தொங்கிப்போயிருந்தது. வெல்டா எழுந்து தன் கம்பளியை அவனிடம் நீட்டினாள்.

"வலது பக்கம் உக்காராதப்பா. அந்த ஜன்னல் முழுசா மேல ஏறாது, காத்து நேரா காதுல அடிக்கும். உக்காந்தாலும் இதை மடிச்சு இடுக்குல செருகிக்கோ. காலை அந்தப் பக்க ஹீட்டர்கிட்ட வைக்காத, அது வேலை செஞ்சு வருஷக் கணக்காச்சு."

அந்த வண்டியைப் பன்னிரண்டு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். அவள் சொன்னதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.