என் விரலில் கல்யாணப் பெண்ணின் நகம்

கறம்பக்குடியில் பார்லர் வைத்திருக்கும் என் மகள், நாளைக்கு முதன்முதலாக ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஜெல் நகம் வைக்கிறாள்!

ஜெல்லால் நகத்தை நீட்ட, நகத்தடியில் ஒட்டும் தாள் அச்சு வாங்க இன்று கடைக்குப் போனோம். நகத்துக்கும் அச்சுக்கும் இடைவெளி இருந்தால் ஜெல் ஒழுகிவிடுமாம்.

"பொண்ணுக்கு ஒங்கள மாதிரியே அகல நகம்ப்பா. வெரலக் காட்டுங்க."

முதல் அச்சு பொருந்தவில்லை. இன்னொரு பெட்டியில் கடைக்காரம்மா எழுதி ஒட்டியிருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அகல நகத்துக்கு.' போன வருடம், படிக்கக் கற்றுக்கொள்ளும் முன், எனக்கு அது வெறும் கோடு!

கச்சிதமாக உட்கார்ந்தது.

"கல்யாணம் ஒங்களுக்காங்க ஐயா?" என்றார் கடைக்காரம்மா.

பார்லரில் ஒத்திகையும் என் ஆள்காட்டி விரலில்தான். ஜெல் ஒழுகவேயில்லை. சிவப்பாக மினுங்குகிறது.

ஆனால் அந்த நீள நகத்தால் தட்டினால் போனில் எழுத்து விழவில்லை. இடக்கையால் எழுதுகிறேன்.

நகத்தை எடுத்துவிடவா, இப்படியே கல்யாணத்துக்குப் போகவா?